காப்பர் டியூபில் ஒரு வோர்ட் சில்லர்: வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பிப்பவர்களுக்கு

நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். முதல் தடவை வீட்டில் பீர் காய்ச்சிய அன்று, ஒரு மணி நேரம் கொதித்த 20 லிட்டர் சாற்றை அண்டாவோடு தூக்கிக்கொண்டு போய்க் குளியல் தொட்டியில் ஐஸுக்கு நடுவில் வைத்தேன். ஐஸ் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது, சாறு கையைச் சுடும் சூட்டிலேயே இருந்தது. மறுபடி கடைக்கு ஓடி இன்னும் ஐஸ் வாங்கி வந்து கொட்டி, ஈஸ்ட் போடும் பதத்துக்கு வருவதற்குள் மூன்றரை மணி நேரம் போய்விட்டது. அடுத்த வாரமே ஹார்டுவேர் கடையில் ஒரு காப்பர் டியூப் சுருள் வாங்கி, ஒரு மதியப் பொழுதில் சில்லர் செய்தேன்: சூடான சாற்றுக்குள் இறக்கி, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுச் சாற்றை ஆறவைக்கும் சுருள். இன்றுவரை அதே சில்லர்தான் ஓடுகிறது. அதை எப்படிச் செய்வது, எந்தெந்த இடத்தில் கை தவறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அனுமதித்தது 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். 1979 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி, மிசிசிப்பியும் அலபாமாவும் 2013ல்தான் அனுமதித்தன. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், அங்கே செய்து பார்க்காதீர்கள்.

சரி, வோர்ட் என்றால் என்ன? முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்துச் சூடான தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்புச் சாறு. இதை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் அது புளித்துப் பீர் ஆகும். தயிருக்கு உறை ஊற்றியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான் ஈஸ்ட்டுக்கும் ஆகும். ஏல் வகை பீருக்குச் சாறு 18 முதல் 20 டிகிரிக்கு வர வேண்டும், லாகர் என்றால் இன்னும் கீழே, 10 டிகிரி பக்கம்.

பால் போலத் தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 20 லிட்டர் சாறு மூடிய அண்டாவில் ஆற ஒரு இரவு முழுக்க ஆகும், அந்த நேரத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் உடைந்து டைமீதைல் சல்ஃபைடு என்ற வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், வேகவைத்த மக்காச்சோளம் போல மணக்கும். கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடுகிறது, அடுப்பை அணைத்த பிறகோ உண்டாவது நிற்காது, வெளியேறுவது மட்டும் நின்றுவிடும். வெளிர் நிற மால்ட்டில், அதிலும் பில்ஸ்னர் மால்ட்டில், இது அதிகம். இரண்டாவது, 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், கடைசி நிமிடத்தில் வாசனைக்காகப் போட்ட ஹாப்ஸ்கூடக் கசப்பாகிவிடும். மூன்றாவதுதான் பெரிய கவலை: 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது சர்க்கரைத் தண்ணீர், காற்றில் இருக்கும் எந்தக் கிருமியும் அதில் குடியேறும், ஈஸ்ட் போய் இடம் பிடிப்பதற்கு முன் வேறொன்று பிடித்துவிடக் கூடாது. இதற்கு மேல், வேகமாகக் குளிர்ந்தால் சாற்றில் இருக்கும் புரதம் திரிந்து அடியில் படிகிறது, பீர் தெளிவாக வரும்.

ஆஸ்திரேலியாவில் நிறைய பேர் சில்லரே இல்லாமல், கொதிக்கும் சாற்றைச் சூடு தாங்கும் கட்டியான பிளாஸ்டிக் கேனில் வழிய நிரப்பி இறுக மூடி, மறுநாள் ஈஸ்ட் போடுகிறார்கள். நல்ல முறைதான், தண்ணீர்ப் பஞ்சம் இருக்கும் இடத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஹாப்ஸ் அளவை அதற்கேற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு நான் சொல்வது சில்லர்தான்.

எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு எல்லாம் புரியும். 20 லிட்டர் சாற்றை 100 டிகிரியிலிருந்து 20க்கு இறக்கக் கிட்டத்தட்ட 6,700 கிலோஜூல் சூடு போக வேண்டும். அது ஏறக்குறைய 1.9 யூனிட் மின்சாரம், 1,500 வாட் ஹீட்டர் ஒன்றேகால் மணி நேரம் ஓடினால் தரும் சூடு. அத்தனையையும் இருபது முப்பது நிமிடத்தில் ஒரு மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீருக்குக் கைமாற்ற வேண்டும். காப்பர் அதற்குத்தான். சூட்டைக் கடத்துவதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட இருபது மடங்குக்கும் மேல்.

வாங்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையில் காப்பர் இரண்டு விதமாகக் கிடைக்கும். நேராக நிற்கும் விறைப்பான பைப் ஒன்று. அட்டைப் பெட்டியில் சுருட்டி வைத்த மெத்தென்ற டியூப் மற்றொன்று. நமக்கு வேண்டியது சுருட்டியதுதான், விறைப்பான பைப்பை வளைக்கப் போனால் நசுங்கிவிடும். ஏசி, ஃபிரிட்ஜ் வேலைக்கு விற்கும் 3/8 இன்ச் டியூப், 50 அடி. அந்த வகையில் சொல்லும் அளவு வெளிவிட்டம். பிளம்பிங் டியூபில் அப்படி இல்லை, அரை இன்ச் என்று எழுதியிருந்தால் வெளிவிட்டம் 5/8 இன்ச் இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஹோஸும் கிளாம்பும் வாங்கி வந்து திரும்பக் கடைக்கு நடப்பவர்கள் அதிகம். 25 அடி போதுமா என்றால், 10 லிட்டர் காய்ச்சுபவருக்குத் தாராளமாகப் போதும், 20 லிட்டருக்கு மெதுவாக வேலை செய்யும். அரை இன்ச் டியூப் இன்னும் வேகமாகக் குளிர்விக்கும், ஆனால் விலையும் கூட, வளைப்பதும் கஷ்டம். முதல் சில்லருக்கு 3/8 போதும்.

அதோடு 3/8 இன்ச் உள்விட்டமுள்ள வினைல் ஹோஸ் ஆறடி ஆறடியாக இரண்டு, ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் நான்கு, டியூபின் உள்ளே போடும் அல்லது வெளியே மாட்டும் வளைக்கும் ஸ்பிரிங் ஒன்று, தோட்டத்துக் குழாயில் மாட்ட ஒரு அடாப்டர். இந்த அடாப்டரில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தோட்ட ஹோஸின் மரையும் பிளம்பிங் பைப்பின் மரையும் இரண்டுமே முக்கால் இன்ச் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் மரை வேறு, ஒன்றில் ஒன்று ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் பித்தளை மரை சிதைந்து ஒழுகும். அட்டையில் கார்டன் ஹோஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சமையலறைக் குழாயில் மாட்டுவதாக இருந்தால் அதன் நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றி, அந்த மரைக்கேற்ற அடாப்டரைத் தேடுங்கள்.

சுருட்டுவது

டியூபைத் தொடுவதற்கு முன் ஓர் அளவு எடுக்க வேண்டும்: உங்கள் அண்டாவில் 20 லிட்டர் ஊற்றினால் எவ்வளவு உயரம் நிற்கிறது? என்னுடைய 30 லிட்டர் அண்டா 35 செ.மீ. அகலம், அதில் 20 லிட்டர் ஊற்றினால் 21 செ.மீ.தான் வரும். சாற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகள் காற்றைக் குளிர்விக்குமே தவிர சாற்றைக் குளிர்விக்காது. குறுகலாகச் சுற்றினால் சுருள் உயரமாகிவிடும், அகலமாகச் சுற்றினால் சாற்றுக்குள் முழுதாக அமுங்கும். 5 கேலன் பிளாஸ்டிக் வாளியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட 26 செ.மீ. அகலம், அதுதான் எனக்கு அச்சு. தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் சுற்றும்போது நசுங்காது, நகராது. இந்த அகலத்தில் ஒரு சுற்றுக்கு 85 செ.மீ. ஆகும். 50 அடி என்பது 15.2 மீட்டர், மேலே ஏறி வரும் இரண்டு கால்களுக்கு 1.6 மீட்டர் ஒதுக்கினால் மிச்சத்தில் 16 சுற்று வரும், சுற்றுக்குச் சுற்று 4 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்த உயரம் 22 செ.மீ. பக்கம். சுருளும் ஒரு லிட்டர் இடத்தை அடைத்துச் சாற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றும் என்பதால் கச்சிதமாக அமுங்கிவிடும். உங்கள் அண்டாவுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், பிறகு சுற்றுங்கள்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது டியூபை இழுத்து நேராக்காதீர்கள். அது ஏற்கனவே சுருண்டுதான் இருக்கிறது, அந்தச் சுருளையே சிறிதாக்கினால் போதும். முதல் முனையில் 80 செ.மீ. விட்டுவிட்டு, வாளியின் மேல் படியவைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி வாளியைத்தான் சுற்ற வேண்டும், டியூபை அல்ல. உதவிக்கு ஒருவர் வாளியைப் பிடித்துக்கொண்டால் பத்து நிமிட வேலை. மெதுவாக. காப்பர் ஒருமுறை மடிந்து நசுங்கினால் பழைய வட்டத்துக்கு வராது, அந்த இடத்தில் தண்ணீர் சிக்கும், நாளடைவில் வெடிப்பும் விடும். இந்த அகலத்தில் வெறும் கையால் சுற்றினாலே நசுங்காமல் வரும். பயமாக இருந்தால் டியூபில் காய்ந்த தூள் உப்பை நிரப்பி, இரு முனையையும் டேப்பால் அடைத்துச் சுற்றலாம்; 50 அடி டியூபின் உள்ளே முக்கால் லிட்டர்தான் பிடிக்கும், ஒரு கிலோ பாக்கெட் போதும், முடிந்ததும் தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். மணல் வேண்டாம், அது கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும்.

நசுங்குவது பெரும்பாலும் சுருளில் அல்ல, இரண்டு கால்களில்தான். அடிச்சுற்றிலிருந்து ஒரு கால் சுருளை ஒட்டி மேலே ஏறி வர வேண்டும், மேல்சுற்றிலிருந்து மற்றொரு கால். இரண்டும் அண்டாவின் விளிம்புக்கு மேலே வந்ததும் வெளிப்பக்கமாக வளைந்து கீழ்நோக்கி நிற்க வேண்டும். இந்த வளைவுகளுக்குத்தான் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை மாட்டி, இரண்டு கட்டை விரலையும் வளைவின் உள்பக்கம் வைத்து, ஒரேயடியாக மடக்காமல் ஒரு செ.மீ. தள்ளித் தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். முனையை விளிம்புக்கு வெளியே கொண்டுவருவது அழகுக்காக அல்ல. ஹோஸ் மாட்டும் இணைப்பு எப்போதாவது ஒழுகத்தான் செய்யும், அப்படி ஒழுகும் சொட்டு கொதித்துச் சுத்தமான சாற்றில் விழக் கூடாது, தரையில் விழ வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய மூன்றாவது பீர் கெட்டுப் போனது இப்படி ஒரு சொட்டால்தான் என்று நான் நம்புகிறேன்; அன்று முனைகளை உள்பக்கமாகவே விட்டிருந்தேன்.

சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவற்றுக்கு நடுவில் சாறு போய்வர முடியாது. அதனால் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். வீட்டு வயரிங்குக்கு உள்ள கெட்டியான காப்பர் கம்பியின் மேலுறையை உரித்து, சுருளின் மூன்று பக்கமும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு சுற்றையும் பின்னிக்கொண்டே வந்தால் சுருள் அசையாமல் நிற்கும். ஈயம் கலந்த சால்டர் எதையும் இதில் தொடவிடாதீர்கள், அடுப்பில் கொதிக்கப் போகிற பொருள் இது. கம்பியே போதும், எனக்குச் சால்டர் தேவைப்பட்டதே இல்லை.

கடைசியாக ஹோஸ். வினைல் நுனியைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும், டியூபின் மேல் மூன்று செ.மீ. ஏற்றிக் கிளாம்பை முறுக்குங்கள். குளிர்ந்த தண்ணீர் மேல்சுற்றில் நுழைந்து அடிச்சுற்றிலிருந்து வெளியேறும்படி மாட்டுங்கள். சூடான சாறு மேலேதான் நிற்கும், அங்கே முதலில் குளிர்ந்தால் அது கனத்துக் கீழே இறங்கும், தானாகவே கொஞ்சம் கலங்கிக்கொள்ளும்.

சாற்றில் இறக்குவதற்கு முன்

புது டியூபில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். வெளிப்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். அப்புறம் காலி அண்டாவில் நிறுத்தி, இணைப்புகளில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, குழாயை முழு வேகத்தில் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். பேப்பர் நனைந்தால் கிளாம்பை இன்னும் ஒரு திருகு. நேரம் இருந்தால் 20 லிட்டர் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒருமுறை முழுதாக ஒத்திகை பாருங்கள், உங்கள் ஊர்த் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும்.

காய்ச்சும் நாளில் தனியாகக் கிருமி நீக்கம் எதுவும் வேண்டாம், கொதிக்கும் சாறே செய்துவிடும். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சில்லரை இறக்குங்கள், கொதி ஒரு நிமிடம் அடங்கி மறுபடி எழும். ஆனால் அதற்கு முன் சுருளுக்குள் தேங்கிய தண்ணீரை ஊதி வெளியேற்றியிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் அதுவும் கொதித்து ஹோஸ் வழியாக ஆவியும் சுடுதண்ணீருமாகச் சீறும். வெளியேறும் ஹோஸின் நுனியை ஒரு வாளியில் கட்டி வையுங்கள், குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரும் கிட்டத்தட்டக் கொதிநிலையில்தான் வரும். அந்த முதல் இரண்டு மூன்று வாளி சுடுதண்ணீரை வீணாக்காதீர்கள், பாத்திரம் கழுவ அதைவிட நல்லது கிடையாது. மொத்தத்தில் 100 லிட்டருக்கு மேல் ஓடும், மிச்சத்தைத் தோட்டத்துக்கோ துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ திருப்பலாம்.

இப்போது கலக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்ட குறிப்புகள் நிறைய பார்த்திருக்கிறேன், ஆனால் 25 அடிக்கும் 50 அடிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் கலக்குவதற்கும் சும்மா விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. டியூபை ஒட்டிய சாறு சட்டென்று குளிர்ந்துவிடும், அந்தக் குளிர்ந்த உறைக்கு வெளியே இருப்பது சூடாகவே நிற்கும், உள்ளே ஓடும் தண்ணீர் பாதி வேலையோடு வெளியே போய்விடும். என் அண்டாவில் கலக்காமல் விட்டால் 35 டிகிரிக்கு வர முக்கால் மணி நேரம், சில்லரையே பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் இருபது நிமிடம். வெளியேறும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள் (முதல் ஐந்து நிமிடம் வேண்டாம்). அது சில்லென்று வந்தால் கலக்குவது போதவில்லை என்று அர்த்தம். 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு கையோ தும்மலோ உள்ளே போகக் கூடாது, கரண்டியைக் கிருமிநாசினியில் முக்கித்தான் எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது டீ ஆற்றுவது போலத் தூக்கி ஊற்ற வேண்டாம். 20 டிகிரிக்கு வந்த பிறகு ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும், அப்போது ஃபெர்மென்ட்டரில், அதாவது நொதிக்கவைக்கும் பாத்திரத்தில், நன்றாகத் தூக்கி ஆற்றியே ஊற்றலாம்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு

சில்லர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் குழாய்த் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஆகஸ்டில் என் வீட்டுக் குழாயில் 30 டிகிரி வரும். சாறு 38 வரை ஓடி வந்து, அங்கே படுத்துக்கொள்ளும், அதற்கு மேல் எத்தனை லிட்டர் ஓட்டினாலும் தண்ணீர்தான் வீண். அந்த இடத்தில் நான் குழாயை மூடிவிட்டு, வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, அமிழ்த்தும் பம்ப் ஒன்றால் சுருளுக்குள் சுற்றவிடுகிறேன். 38லிருந்து 18க்கு இறக்க ஐந்து கிலோ ஐஸ் கரைய வேண்டும், வெளிச்சூட்டையும் சேர்த்து 20 பவுண்டு மூட்டை ஒன்று, அதாவது 9 கிலோ, சரியாக இருக்கும். ஆரம்பத்திலிருந்தே ஐஸ் போட்டால் கூடுதலாக 15 கிலோ கரையும், அந்த வேலையைக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய இலவசமாகச் செய்கிறது. பம்ப் வாங்கும்போது மேசை நீரூற்றுக்கு விற்கும் சின்னப் பம்ப் வேண்டாம், 50 அடி மெல்லிய டியூபில் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. தேங்கிய தண்ணீரை இறைக்கும் 1/6 குதிரைத்திறன் பம்ப் நன்றாகத் தள்ளும். தண்ணீருக்குள் மின்சாரம் என்பதால் கசிவு வந்தால் தானாக அணையும் பிளக்கில்தான் மாட்ட வேண்டும்.

ஐஸ் வாங்கவே மனமில்லாத மாதங்களில் நான் க்வைக் ஈஸ்ட் போடுகிறேன். நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறைகளாக வைத்திருந்த ஈஸ்ட் அது, 35 டிகிரியில் போட்டாலும் சந்தோஷமாக வேலை செய்யும். டெக்சாஸ் கோடைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

முடிந்ததும் உடனே கழுவுங்கள், ஹாப்ஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டால் பின்னல் கம்பிகளுக்கு நடுவில் எடுப்பது பெரும்பாடு. சாற்றின் புளிப்பில் காப்பர் பளபளவென்று வெளியே வரும், அது சரிதான், கருத்த படலம் சாற்றில் கரைந்திருக்கிறது, அந்த அளவு ஈஸ்ட்டுக்குக் கெடுதல் இல்லை. பச்சையாகவோ நீலமாகவோ களிம்பு பூத்திருந்தால் மட்டும் அப்படியே இறக்காதீர்கள், அது உடம்புக்கு ஆகாது. வினிகரோ புளியோ போட்டுத் தேய்த்தால் போய்விடும், பித்தளைக் குத்துவிளக்குத் தேய்க்கிற அதே கைவேலைதான். குளோரின் பிளீச் காப்பருக்குக் கூடாது. நொதித்து முடிந்த பீரிலும் இந்தச் சுருளை முக்கக் கூடாது, காப்பர் பட்டால் பீர் சீக்கிரம் பழசாகிவிடும்.

மாட்டி வைப்பதற்கு முன் ஒரு முனையில் வாயை வைத்துக் கடைசிச் சொட்டு வரும்வரை ஊதி, இரு முனையும் தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து கிடந்த வாரம் என் கராஜில் தொங்கிய சுருளில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தது. அடிச்சுற்றில் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அந்தச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, 15 சுற்றோடுதான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.